பின் சீட்டு

மெதுவா, மெதுவா. நான் ஏறி உக்காந்துட்டனான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கெளப்பக் கூடாதுங்களா தம்பி? ம், உக்காந்துட்டேன். கையை எங்க வெக்கறதுன்னுதான் தெரியல. பின்னாடி கம்பியைப் புடிச்சுக்கறேன். இல்லீங்க, உங்க தோளே இருக்கட்டும். தப்பா நெனச்சுக்காதீங்க.

பாத்தீங்களா, ஒரே உதையில கெளம்பிருச்சு. ஒரே கை வண்டிங்க. வாங்கின நாள்ல இருந்து என்ற கையைத் தவிர இன்னொரு கை பட்டதில்ல. மெக்கானிக் ரங்கன் சொல்லித்தானே வந்தீங்க, அவனையே கேளுங்க, அர்த்தநாரியண்ணன் வண்டியை எப்புடி வெச்சிருந்தாருன்னு. நான் மில்லுல ஸ்டோர்ஸ் பாக்கறவன். ஒரு நட்டு கொறைஞ்சாலும் எனக்குக் கண்ணுல பட்டுரும். முன்னால டெம்போ நிக்குதுங்க. டெம்போ. பாத்துட்டீங்களா? செரி, பாத்தாச் செரி.

எதுக்குப் பின்னாடி தொத்திட்டு வர்றான் இந்த ஆளுன்னு நெனப்பீங்க. எல்லாம் ஊட்டுக்காரி பண்ணின வேலை. யாரு எவருன்னு தெரியாதவங்க கையில சாவியைக் குடுத்துட்டு வாசல்ல நின்னு வேடிக்கை பாப்பீங்களா, நீங்களும் ஏறிப் போயிட்டு வாங்கன்னு புடிச்சுத் தள்ளிவுட்டா. கோகிலா அப்புடித்தான், யாரையும் லேசுல நம்ப மாட்டா. உங்களுக்குக் காப்பி குடுத்து, உங்க ஊரு எது, பொண்ணு கட்டின ஊரு எதுன்னு வெசாரிச்சு, உங்க மாமனார் அவளுக்குச் சித்தப்பா மொறைன்னு கண்டுபுடிச்ச பொறவும் நம்பலைன்னாப் பாத்துக்குங்க.

வெசையாப் போறீங்க. இல்ல, நாப்பதுதான், முள்ளைப் பாத்துட்டுத்தான் சொல்றேன். நாப்பதும் வெசைதானுங்களே. ஆனி மாசக் காத்து வேற ஆரம்பிச்சிருச்சு. பாலக்காட்டுப் பக்கம் இருந்து வர்ற காத்து ஆளையே சாய்க்கும், வண்டி எம்மாத்திரம்? அதனாலதான் சொல்றேன். பயந்துட்டுச் சொல்லல.

ஏன் விக்கறீங்கன்னு வாசல்ல கேட்டீங்கல்ல, அப்ப அவ நின்னுட்டிருந்தா, சொல்ல முடியல. அவளுக்குப் பயமுங்க. ரோட்டுல எது நடந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. விக்கலாம்னு நான் சொன்ன பொறவு ரெண்டு நாளு என்கூடப் பேசல. மூணாவது நாளு சோத்தைப் போட்டுட்டே, 'வித்துட்டு அப்பறம் என்ன பண்ணுவீங்க?'ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. அதுலயே தெரியுதுங்களே, மனசுக்குள்ள எத்தனை பயம் இருக்கும்னு. செரி, பொம்பளை மனசு, நமக்கெதுக்கு, ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுருவோம்னு நாந்தான் ரங்கன்கிட்டச் சொல்லிவெச்சேன். ஆடியில ஒரு பொருளும் கை மாத்தக் கூடாது பாருங்க.

எடது பக்கம் திரும்புங்க. எடது. எடதுன்னேன்! ஏனுங்க நேராப் போறீங்க? மெயின் ரோட்டுல வுட்டாத்தான் இழுவை தெரியும்னா, சந்துக்குள்ளயும் தெரியுமுங்களே. நானெல்லாம் சந்துக்குள்ளயே... அய்யோ, பஸ்ஸு. பஸ்ஸுங்க. வெலகுங்க, வெலகுங்க, ஒரசிட்டுப் போறான் பாருங்க படுபாவி.

தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. அந்த வேப்பமரம் தெரியுது பாருங்க, அதைத் தாண்டினா எங்க மில்லு கேட்டு வரும். அதுக்கு முன்னாடியே நிறுத்தீருங்க. ஒண்ணுக்கு வருது. ஆமாங்க, அவசரம். இங்க நிறுத்துங்க. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!

அப்பாடா.

தோளு வலிக்குதுங்களா? நகம் பட்டிருச்சா? மன்னிச்சுக்குங்க. வாங்க, இந்த பேக்கரியில ஒரு டீ குடிக்கலாம். இல்லீங்க, ஒண்ணுக்கெல்லாம் வரல. சும்மா சொன்னேன். அண்ணா, ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை கம்மி. இப்புடி உக்காருங்க, நானும் உக்காந்துக்கறேன். அந்த மரத்துக்கிட்ட வந்தாலே இப்புடித்தான். பஸ்ஸுல வேலைக்குப் போறப்பக் கூட அந்த எடம் வந்தாக் கம்பியை ரெண்டு கையிலயும் புடிச்சுக்குவேன். உக்காந்திருக்கறப்பவே புடிச்சுக்குவேன்னாப் பாத்துக்குங்களேன்.

உங்ககிட்ட மறைச்சு விக்கறது பாவம். விழுந்த வண்டிதானுங்க. ரங்கன் சொல்லலியா? அவன் சொல்ல மாட்டான். ஆனா வண்டிக்கு ஒண்ணும் ஆகல. ஹேண்டில் பாரு லேசா வளைஞ்சுது, முன்னாடி வெளக்கு ஒடைஞ்சுது, எல்லாம் மாத்தியாச்சு. ஒடைஞ்சதெல்லாம் என்ற காலுதான். முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும். உள்ள ராடு இருக்குது. வேட்டியைத் தூக்கிக் காட்டட்டுமா? வேண்டாம், டீக் குடிக்கற எடம்.

போன ஆயுத பூசை நோம்பி அன்னைக்கு. எங்க மில்லுல பூசை எப்புடி நடக்கும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. குடும்பத்தோட வரச் சொல்லீருவாங்க. மிசினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாழைமரம், பொரி கடலை. கடைசியில கேட்டுக்கு முன்னால பூசணிக்காய் சுத்தி ஒடைக்கறது நாந்தான். வருசா வருசம் நாந்தான். மொதலாளியே சொல்லுவாரு, அர்த்தநாரி ஒடைச்சாத்தான் செதறும்னு. காயில தொளை போட்டு உள்ள குங்குமமும் சில்லறையும் போட்டு, மேல சூடம் பத்த வெச்சு, மூணு சுத்துச் சுத்தி, நடு ரோட்டுல ஓங்கிப் போடுவேன். ஓரமாப் போட்டாத் திருஷ்டி ஓரமாத்தான் போகும். நடு ரோட்டுல போட்டு, நாலு வண்டி ஏறி அரைச்சுட்டுப் போனாத்தான் அந்தக் கண்ணு போகும். அந்த வருசம் நான் போட்ட போடுல ஒரு சில்லு டயர்க் கடை வாசல் வரைக்கும் பறந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

அப்பறம் பொழுது சாஞ்சு வெளக்கு வெக்கற நேரத்துல கெளம்பினேன். கேட்டை வுட்டு வெளிய வந்து, ரோட்டுல திரும்பினனோ இல்லையோ, முன் சக்கரம் வழுக்கிருச்சு. என்னன்னு பாத்தா, யாரோ ஒரு மடையன் ரோட்டுல பூசணிக்காயைப் போட்டு ஒடைச்சு, அள்ளி ஓரமாக் கூடப் போடாமப் போயிருக்கறான். சதையும் வெதையும் செவப்புத் தண்ணியுமா அப்புடியே எண்ணெய் ஊத்தின மாதிரிக் கெடக்குது. நான் ஒரு பக்கம், வண்டி என்ற காலு மேல.

எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறலீங்க. மனுசனுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா? ஊன்றுகோலை ஊனிட்டு நடக்க ஆரம்பிச்ச ஒடனே மொத வேலையா ஆட்டோ புடிச்சு டயர்க் கடைக்குத்தான் போனேன். அவனாத்தான் இருக்கணும், நேர் எதுத்தாப்பல இருக்கறவன் அவன் ஒருத்தன்தான். 'அண்ணா, நாங்க எலுமிச்சம்பழம் வெச்சு வண்டியை மேல ஏத்துனதோட செரி, பூசணிக்காய் ஒடைக்கற பழக்கமே இல்லீங்க'ன்னு சத்தியம் பண்ணறான். அப்பறம் என்னமோ சொல்ல வாயெடுத்தான். சொல்லீருந்தான்னா அங்கயே சண்டை ஒரியாட்டம் ஆகியிருக்கும், வாயை மூடிக்கிட்டான். எங்க வாட்ச்மேனைக் கேட்டேன், அன்னைக்குக் கேட்டுலயே நின்னவன் நீதானே, யாரு ஒடைச்சதுன்னு சொல்லுடான்னேன். அவன் தலையைக் குனிஞ்சுட்டு, 'வுடுங்கண்ணா, நடந்தது நடந்து போச்சு'ங்கறான். அவனுக்கும் டயர்க் கடைக்காரனுக்கும் என்னமோ உள்கை இருக்குது.

ஏனுங்க சிரிக்கறீங்க? நான் ஒடைச்சது எந்த எடமா? அது கேட்டுக்கு நேரா. நான் விழுந்தது கேட்டைத் தாண்டி, அக்கட்டால. ஒரு ரெண்டு மூணு தப்படி இருக்கும். அதுவும் இதுவும் ஒண்ணாயிருமா? நான் ஒடைச்சது மதியம், அது அப்பவே வண்டி ஏறிக் காஞ்சிருக்கும். கோகிலா கூட ஒரு தடவை இப்புடித்தான் கேட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. டீயைக் குடிங்க, ஆறீரும்.

படுத்த படுக்கையா இருந்தனுங்க. பாக்க வர்றவங்க எல்லாம் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க, ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க, ஆரஞ்சுப் பழத்தை வெச்சுட்டு அவங்கவங்க விழுந்த கதையைச் சொல்லுவாங்க. எங்க பெரிய மச்சான், அவரு பங்காளி ஒருத்தன் இதே ரோட்டுல லாரி அடியில போன கதையைச் சொன்னாரு. எந்தச் சக்கரம் எங்க ஏறுச்சுங்கற வரைக்கும் சொன்னாரு. ஆறுதல் சொல்ல வந்தவருங்க! அவரு போன பொறவு எனக்கு வேர்த்துக் கொட்டுது. வெளிய ஒரு வண்டி பிரேக் போட்டாப் போதும், கட்டில்ல கெடக்கற என்ற காலு தானா ஒதறும்.

கட்டுப் பிரிச்சாங்க, பயிற்சி குடுக்கறதுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. 'ஊனுங்க சார், தைரியமா ஊனுங்க, ராடு தாங்கும்'னு சொல்லிட்டே இருக்கும். ராடு தாங்கும், எனக்குத் தெரியாதா? இரும்புச் சாமானத்துலயே காலந்தள்ளினவன் நான். அந்த எடது காலுல முழுப் பாரத்தையும் வெக்கணும்னாத்தான் செவுத்தைப் புடிச்சுக்குவேன். பங்குனியிலயே டாக்டரு சொல்லிட்டாரு, இனி வண்டி ஓட்டலாம், ஒண்ணும் பயமில்லைன்னு. அவருக்குப் பயமில்ல. செரிதான்.

ஓட்டாமயே வெச்சிருந்தா வண்டி வீணாப் போயிருக்குமேன்னு கேக்கறீங்களா? அதெல்லாம் இல்ல. தெனமும் காலையில நான் ஏறுவேன். சென்டர் ஸ்டாண்டு போட்டுத்தான். பேட்டரி எறங்கக் கூடாது பாருங்க. ஹெல்மெட் மாட்டிட்டு ஏறி உக்காந்து, கெளப்பி, மொத கியர், ரெண்டு, மூணு, நாலு. பின் சக்கரம் அந்தரத்துல சுத்தும். இண்டிகேட்டர் போடுவேன், ஹாரன் அடிப்பேன், பிரேக் புடிப்பேன். கொஞ்ச நேரம் ஓட்டிட்டு எறங்கீருவேன். கோகிலா சன்னல் வழியாப் பாத்துட்டு, 'இன்னைக்கு எது வரைக்கும் போயிட்டு வந்தீங்க? பழனியா, திருச்செங்கோடா?'ம்பா. கிண்டல். ஹெல்மெட் எதுக்குங்க அதுக்குன்னு பக்கத்து ஊட்டுக்காரன் கூடக் கேட்டான். ஹெல்மெட் போடாம வண்டியில உக்காரக் கூடாதுங்க. அது பழக்கம்.

ஒரு நாளு ஸ்டாண்டுல இருந்து எறக்கிப் பாத்தேன். ரெண்டு சக்கரமும் மண்ணுல பட்டுச்சு பாருங்க, வண்டி இப்புடி லேசாச் சாஞ்சுது. அவ்வளவுதான். அந்த எடம், அந்த வழுக்கல், எல்லாம் திரும்ப வந்துருச்சு. கையி ஹேண்டில் பாரை வுட மாட்டேங்குது, காலு நகர மாட்டேங்குது, சத்தம் வர மாட்டேங்குது. கோகிலாதான் வந்து ஸ்டாண்டு போட்டு, வெரலு வெரலாப் பிரிச்சு என்னைய எறக்கினா. அன்னைக்கு அவ கிண்டல் பண்ணல. அன்னைக்கு அவ கிண்டல் பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அண்ணா, கணக்கு நான் குடுக்கறேன். இருக்கட்டுங்க, நம்ம வழியில வந்தவரு.

வாங்க போலாம். வந்த வழியே திரும்பீருங்க, கேட்டுப் பக்கம் போக வேண்டாம். என்னுங்க? நானா? நான் எதுக்குங்க ஓட்டணும்? வாங்கறது நீங்க.

ஓகோ. விழுந்த வண்டின்னு நான் வாயைக் குடுத்ததுதான் தப்பு. செரி, நீங்க சொல்றதும் நாயந்தான். விக்கறவன் ஓட்டறதைப் பின்னாடி உக்காந்து பாத்தாத்தான் சேஸு, அதான் வண்டிச் சட்டம், வளைஞ்சிருக்குதான்னு தெரியும், பழகின கை கோளாறு இருக்கற பக்கத்தைத் தானா இழுத்துப் புடிக்கும்ங்கறீங்க. ரங்கனும் அப்புடித்தான் பாப்பான். ஆனா எனக்கு இப்ப டீக் குடிச்சது நெஞ்சைக் கரிக்குது. காத்து வேற. லைசென்ஸும் ஊட்டுல இருக்குது. ரங்கனை வரச் சொல்லி ஓட்டச் சொல்லுவமா? இல்லீங்க, அவனுக்கு இது பழகின கை இல்லதான்.

ஓட்டலீன்னா வாங்க மாட்டீங்களா? வேற வண்டி பாத்துக்குவீங்க. ம்.

தம்பி, பயமுங்க.

சொல்லிட்டேன். கோகிலாவுக்கில்ல, எனக்கு. நான் விழறதுக்குக் கூட அத்தனை பயமில்ல. விழுந்தாச்சு, படுத்தாச்சு, எந்திரிச்சாச்சு. பின்னாடி ஒரு ஆளு உக்கார்றதுதான் பயம். அன்னைக்கு நடந்ததுல பாதியைத்தான் உங்ககிட்டச் சொன்னேன். பூசைக்குக் கோகிலாவும் வந்திருந்தா. பட்டுச் சீலை கட்டிட்டு வந்திருந்தா. கெளம்பறப்ப ஸ்டோர்ஸ்ல மீதியான பொரியை மூட்டையாக் கட்டிக் குடுத்துட்டாங்க. அதைப் பின் சீட்டுல வெச்சுக் கட்டினேன். ஆளு உக்கார எடமில்ல. 'பொரியா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க'ன்னு சண்டைக்கு வந்தா. அந்தப் பக்கம் போற டவுன் பஸ்ஸு வந்துச்சு, நீ பஸ்ஸுல போ, நான் முன்னாடி போய் வாசல்ல நிக்கறேன்னு ஏத்திவுட்டேன்.

நான் விழுந்தப்ப கயிறு அத்து அந்த மூட்டை நடு ரோட்டுக்குப் போயிருச்சுங்க. பின்னால ஒரு வேன் வந்துச்சு. பிரேக் போட்டான், நான் பாத்துட்டே இருக்கறேன், அவன் போட்டான். நிக்கல. மூட்டை மேல ஏறித்தான் நின்னான். பட்டுனு ஒரு சத்தம். ரோடு பூராப் பொரி. சனமெல்லாம் என்ற காலைப் பாத்து உச்சுக் கொட்டறாங்க, எனக்குக் காலு ஞாபகமே இல்ல. அந்த மூட்டையையேதான் பாத்துட்டுக் கெடந்தேன். அவ உக்கார்ற எடத்துல இருந்து போனதுங்களே அது.

இதை அவகிட்ட நான் சொன்னதில்ல. பொரி கொட்டிப் போச்சுன்னு மட்டுந்தான் சொன்னேன்.

அவ சத்துணவுக் கூடத்துல வேலை பாக்கறா. அந்தப் பள்ளிக்கூடம் காட்டுக்குள்ள இருக்குது, அங்க பஸ்ஸு போகாது. முன்னயெல்லாம் நாந்தான் கொண்டு போய் வுட்டுட்டு மில்லுக்குப் போவேன். இப்ப மெயின் ரோட்டுல எறங்கி நடக்கறா. நடந்தாச் சக்கரை கொறையும்னு நாந்தான் சொல்லிட்டிருக்கறேன். அவளுக்குச் சக்கரை இல்ல. குதிகாலு வெடிச்சு ரத்தம் வருது, வேப்பெண்ணெய் தடவிட்டு உக்காந்திருப்பா. 'நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன், விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம்'னு ஒரு நாளு சொன்னா. அன்னைக்குத்தான் வண்டியை வித்தரலாம்னு முடிவு பண்ணினேன்.

இப்ப உங்களை ஏத்தச் சொல்றீங்க. உங்களுக்கும் ஊட்டுல பொண்டாட்டி இருக்குது, எனக்குக் கொழுந்தியா மொறை ஆகற பொண்ணு.

இப்புடிப் பாத்தா நான் என்ன பண்ணுவேன்? குடுங்க சாவியை. குடுங்க. மெதுவாத்தான் போவேன், ஒண்ணும் சொல்லக் கூடாது. நடந்து போறவன் தாண்டிப் போனாலும் சிரிக்கக் கூடாது. ஹெல்மெட்டை நீங்களும் போட்டுக்குங்க. இந்த வார் செரியா மாட்டுச்சா? இழுத்துப் பாருங்க. ரெண்டு காலையும் படியில வெச்சுக்குங்க, இல்ல, தரையில வெய்யுங்க, நான் கெளம்பின பொறவு தூக்கிக்கலாம்.

ஆஃப் ஆயிருச்சு. பொறுங்க. கிளச்சை வெடுக்குன்னு வுட்டுட்டேன். மறுபடியும்... ம்ம். போகுது. போகுதுங்க தம்பி. போகுது! தோளைப் புடிக்காதீங்க, இல்ல, புடிச்சுக்குங்க, வுட்டுறாதீங்க. நீங்க பேசிட்டே வாங்க. எதையாச்சும் பேசுங்க. உங்க மாமனாரைப் பத்திப் பேசுங்க. நான் பதில் சொல்ல மாட்டேன், நீங்க பாட்டுக்குப் பேசுங்க.

பின்னால என்ன வருது? லாரியா? சொல்லாதீங்க. சொல்லுங்க. ஹாரன் அடிக்கறான், தாண்டிட்டுப் போகட்டும், நான் ஓரமாத்தானே போறேன். அய்யா, கந்தா, காத்து தள்ளுதே. தாண்டிட்டானா? தாண்டிட்டான். என்ற முதுகு பூரா வேர்த்து ஓடுது, உங்க சட்டையில படும், தள்ளி உக்காருங்க. இல்ல, அசையாதீங்க. ஒருத்தரு அசைஞ்சா வண்டிக்குத் தெரியும், அவ உக்காந்தா அசையவே மாட்டா, இருக்கறதே தெரியாது. எந்தப் பக்கமும் இழுக்கல பாத்தீங்களா? சேஸு நேரா இருக்குதுங்க. கோளாறெல்லாம் எங்கிட்டத்தான்.

இந்தத் தெருவுதான். திரும்பணும். திரும்பணுமே. சாய்க்காமத் திரும்பலாமுங்களா? முடியாது. செரி, சாய்க்கறேன். சாஞ்சுருச்சு, சாஞ்சுருச்சு, நிமுந்துருச்சு. ஆ!

ஊடு வந்துருச்சு. கோகிலா வாசல்ல நிக்கறா, கூட்டிட்டிருந்த சீமாறு கையில. தம்பி, நிறுத்தணும்னா எடது காலை ஊனணுமுங்களே. ராடு இருக்கற காலு. ரெண்டு ஆளு பாரம். அது மடங்கிச்சுன்னா உங்க மேல வண்டி விழும். நான் நிறுத்தல. தாண்டிட்டேன். தாண்டிட்டனுங்க, தண்ணித் தொட்டியைச் சுத்திட்டு வந்தர்றேன். கத்தாதீங்க, எனக்கும் தெரியும் ஊடு அங்கயேதான் இருக்குதுன்னு. சுத்திட்டு வர்றப்ப நான் இப்பன்னு சொல்லுவேன், ஒடனே நீங்க ரெண்டு காலையும் ஊனுங்க. கெட்டியா ஊனுங்க. நான் ஊனலீன்னாலும் நீங்க ஊனுங்க.

வருது. வருது. இப்ப! இப்ப, தம்பி, இப்ப!

நின்னுருச்சு.

நீங்க ஊனினீங்களா? இல்லியா? படியிலயேவா வெச்சிருந்தீங்க? அடப் பாவி மனுசா. அப்ப என்ற காலுதானா நிக்குது? ரெண்டு பேரு பாரமும் இதுலயா? பாருங்க, நடுங்குது. நடுங்கிட்டே நிக்குதுங்க.

கோகிலா, சேஸு நல்லா இருக்குதாம். தம்பி பாத்துட்டாரு. என்ன? அவரு எறங்கணுமா? எதுக்கு? சீமாத்தை எதுக்கு இப்ப கீழ போடற? தம்பி, நீங்க எறங்காதீங்க, அவ சொன்னா நீங்களும் எறங்கீருவீங்களா? கோகிலா, ஏறாத. சொன்னாக் கேளு. தெரு முக்கு வரைக்கும் கூட வேண்டாம். நாளைக்குப் போலாம். உங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும், அன்னைக்கு அந்தப் பொரி மூட்டை இருக்குதே...

தெரியுமா? வேன்காரனே ஆஸ்பத்திரியில வந்து சொன்னானா? அப்பவே தெரிஞ்சும் நீ...

ஏறிட்டாளுங்க. எறங்கச் சொன்னா எறங்க மாட்டா. கையை என்ற இடுப்புல வெச்சிருக்கறா. தம்பி, அவ கையும் நடுங்குதுங்க. அவளுக்குப் பயம், அவளுக்குப் பயம்னு ஊரெல்லாம் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன், நெசமாவே பயந்துட்டுத்தான் இருந்திருக்கறா. பயந்துட்டேதான் ஏறி உக்காந்திருக்கறா. செரி. கெட்டியாப் புடிச்சுக்க கோகிலா.

வெலையைப் பத்தி அப்பறம் பேசிக்கலாம் தம்பி. அக்கட்டால ரோட்டுல ஒரு நாய் படுத்திருக்குது பாருங்க, நீங்க முன்னாடி போய் அதை மட்டும் சித்த எழுப்பி ஓரமா வெரட்டி வுடுங்க.